காரைத் தாழ்த்தினால் அழகா? ஆபத்தா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றால் போதும். கூட்டம் கூடிவிடும்.

பூக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். காபி குடிக்க வந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அருகில் வருவார். "இது எந்த வருஷத்து வண்டி, தம்பி?" என்று கேட்பார். குழந்தைகள் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

சொந்தக்காரருக்குப் பெருமை தாங்காது. அது நியாயமான பெருமைதான். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பது லேசான காரியம் அல்ல.

ஆனால், அந்தப் பெருமையோடு இன்னொரு ஆசையும் சேர்ந்துகொள்கிறது. "வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்!" என்பதே அந்த ஆசை.

பட்டறைக்குப் போகிறார்கள். "அண்ணே, இரண்டு அங்குலம் இறக்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். ஸ்பிரிங் கழற்றப்படுகிறது. ஒரு சுற்று வெட்டப்படுகிறது. திரும்பவும் மாட்டப்படுகிறது. அரை நாளில் வேலை முடிந்துவிடுகிறது.

வண்டி தாழ்ந்துவிட்டது. பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு அங்குலத்தோடு போனது என்ன? வெட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிலரே. ஆனால் சாதாரண வீட்டுக் காரையும் இப்படி வெட்டுகிறவர்கள் உண்டு. சாலையோ எல்லாருக்கும் பொது. ஆகையால் இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

தாழ்வில் நன்மையும் உண்டு

தாழ்ந்த காரில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நன்மை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

உயரமான குத்துவிளக்கை லேசாக இடித்தாலும் ஆடும். அகல் விளக்கு ஆடாது. பாரம் தரைக்கு அருகில் இருந்தால் பொருள் சாயாமல் நிற்கும். காருக்கும் இதுதான் சட்டம்.

கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பது, காரின் பாரத்துக்கு நடு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதை 5 செ.மீ. தாழ்த்தினால், இப்படி மாறும் பாரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். நான்கு சக்கரமும் சாலையை இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது இதனால்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், முன்பு கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நகரச் சாலையிலேயே இரவுப் பந்தயம் நடந்தது.

அந்தத் தடங்களில் குழி கிடையாது. வேகத்தடை கிடையாது. குறுக்கே மாடு வராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு வண்டியைச் சோதிக்க ஆட்கள் இருப்பார்கள்.

பந்தயத் தடம் வேறு. பாண்டி பஜார் வேறு.

வண்டலூரில் உருவான வண்டி

தாழ்த்துவது பற்றிப் பேசும்போது சென்னைக்கே உரிய ஒரு காரை மறக்க முடியாது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இங்கிலாந்தில் 1959-ல் டிரயம்ப் ஹெரால்டு என்ற கார் வெளிவந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் அந்தக் கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் உருவானது. அதே ஹெரால்டின் அமைப்பை வைத்து 1962-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர். ஆகவே ஹெரால்டு அண்ணன், ஸ்பிட்ஃபயர் தம்பி.

இந்த இரண்டு வண்டிகளின் பின்பக்கத்தில் ஒரு விசேஷம் இருந்தது. மாடு பூட்டிய வில் வண்டியில் இருப்பதைப் போன்ற கமான் பட்டை ஒன்று குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கவில்லை. நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் பெட்டியிலிருந்து, தோளிலிருந்து இரண்டு கை நீளுவதைப்போல, பக்கத்துக்கு ஓர் அச்சு நீண்டிருந்தது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது, அந்தக் கை ஊஞ்சலைப்போல ஆடும்.

மேடு பள்ளத்தில் இது சுகமாக இருக்கும். ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது ஒரு சங்கடம் உண்டு. ஓட்டுகிறவர் பயந்து திடீரென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பும். அப்போது வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். டயர் விளிம்பில் நிற்கும். பிடிப்பு போய்விடும். வண்டி சுழன்றுவிடலாம்.

இதற்குத்தான் வெளிநாட்டில் இந்த வண்டிகளின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்துகிறார்கள். கமான் பட்டைக்கும் டிஃபரென்ஷியல் பெட்டிக்கும் நடுவே அளவான இரும்புக் கட்டை ஒன்றை வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட்டும் போடுகிறார்கள். அப்போது சக்கரத்தின் மேற்பாகம் சற்று உள்பக்கம் சாய்ந்து நிற்கும். அது எளிதில் அடியில் மடங்காது.

ஆக, இந்த வண்டியைத் தாழ்த்துவதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல; பாதுகாப்பும்தான். ஆனால் அதிலும் அளவு இருக்கிறது. அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். நேர்ச் சாலையில் பிரேக் போடும்போது முழு டயரும் தரையில் படியாது. ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொரு நோயை வாங்கிய கதையாகிவிடும்.

குறையைத் தீர்க்க, கார் செய்தவர்களே வேறு வழி கண்டார்கள். 1972-ல் இங்கே வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு போடப்பட்டது. இங்கிலாந்தில் 1970-ல் வெளிவந்த நான்காவது வகை ஸ்பிட்ஃபயரில் கமான் பட்டையைப் பிடித்து வைக்கும் முறையே மாற்றப்பட்டது. சோதித்துப் பார்த்து, பொறியாளர்கள் செய்த வேலைகள் அவை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய வேலை அல்ல.

அமெரிக்காவிலும் இதே விவகாரம் கிளம்பியது. செவர்லே கார்வேர் என்ற காரின் பின்பக்கமும் இப்படித்தான் ஆடும் அச்சுகளோடு இருந்தது. அது ஆபத்தானது என்று ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர் 1965-ல் புத்தகம் எழுதினார். நாடே பரபரப்பானது. அடுத்த வருஷமே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட அது மோசம் அல்ல என்று 1972-ல் அரசாங்க ஆய்வு சொன்னது. ஆனாலும் ஒரு பாடம் நிலைத்துவிட்டது: சக்கரம் சாலையில் எப்படி நிற்கிறது என்பது ரசனை விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

வெட்டினால் என்ன ஆகும்?

இனி, ஸ்பிரிங்கை வெட்டும் பழக்கத்தைப் பார்க்கலாம்.

ஸ்பிரிங் எதற்காக இருக்கிறது? சக்கரம் குழியில் இறங்கவும் மேட்டில் ஏறவும் இடம் கொடுக்கிறது. வண்டி ஆடினாலும் சக்கரம் தரையை விடாது. தரையை விடாத சக்கரம்தான் திரும்பும். பிரேக் போட்டால் நிற்கும்.

சக்கரம் மேலே எழும்ப 3 அங்குல இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வண்டியை 2 அங்குலம் தாழ்த்தினால் மிச்சம் 1 அங்குலம்தான். கொஞ்சம் பெரிய மேடு வந்தால் அந்த 1 அங்குலமும் தீர்ந்துவிடும். சட்டகத்தில் உள்ள ரப்பர் கட்டையில் போய் 'டங்' என்று முட்டும். அந்தக் கணத்தில் அந்த வண்டிக்கு ஸ்பிரிங் இல்லை. அது கட்டை வண்டிதான்.

"வெட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடுமே, அது தாங்காதா?" என்று கேட்கலாம். விறைப்பு கூடும் என்பது உண்மை. 8 சுற்றில் 1 சுற்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்குதான் கூடும். இடமோ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பிரிங்கின் நுனி தட்டில் சரியாக உட்காரும்படி செய்யப்பட்டிருக்கும். வெட்டிய நுனி அப்படி உட்காராது. சக்கரம் பெரிய குழியில் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவலாம்.

சிலர் வெட்டுவதில்லை, காஸ் விளக்கால் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தாழ்த்துகிறார்கள். இது அதைவிட மோசம். பதம் பார்த்துச் செய்த எஃகு, சூட்டில் பதம் கெட்டுவிடும். இன்று 2 அங்குலம் தாழ்ந்த வண்டி, நாளாக நாளாகத் தானே இன்னும் தாழும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தாழும்.

பட்டறையில் வேலை செய்கிற இளைஞனையும் நினைக்க வேண்டும். அமுக்கி மாட்டிய ஸ்பிரிங், சுருண்டு கிடக்கும் பாம்பைப் போன்றது. அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் நட்டைக் கழற்றினால், சீறிக்கொண்டு பாயும். கை எலும்பை முறிக்கும். முகத்தில் பட்டால் உயிரே போகலாம்.

வேகத்தடையும் ஒரு கணக்கும்

அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கும், அங்கிருந்து தியாகராய நகருக்கும் போகிறவருக்கு வழியெல்லாம் வேகத்தடைகள். அவற்றுக்கும் விதி இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் ஒரு விதி வகுத்தது.

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி அமைக்கும் வேகத்தடை 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொன்னது. அதன் அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, அது ஒரு சுவர் அல்ல. யானை முதுகைப்போல மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடு.

ஹெரால்டு காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் சுமார் 2.3 மீட்டர். அந்த விதிப்படி அமைத்த மேட்டில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். நடுவில், வண்டியின் அடிவயிற்றை நோக்கி எழும்பும் பகுதி ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே.

விதியைப் பார்க்காமல், அகலம் குறைவாக, 10 செ.மீ. உயரத்துக்கு வரப்பு போட்டதைப்போல ஒரு தடை இருந்தால்? அந்த 10 செ.மீ.யும் அப்படியே அடிவயிற்றுக்கு வரும். தரையிலிருந்து 5 அங்குலம், அதாவது சுமார் 12.5 செ.மீ. உயரம் உள்ள வண்டி மெதுவாகத் தாண்டிவிடும். அதையே 2 அங்குலம் தாழ்த்தினால் மிச்சம் சுமார் 7.5 செ.மீ.தான். இடிக்காமல் போக முடியாது. வண்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் இன்னும் தாழும்.

இடிப்பது எதை? புகைக் குழாயை இடித்தால் செலவோடு போகும். எஞ்சின் எண்ணெய்த் தொட்டியை இடித்து அது உடைந்தால் எண்ணெய் சாலையில் கொட்டும். எண்ணெய் இல்லாத எஞ்சின் சிறிது நேரத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அது சொந்தக்காரரின் நஷ்டம். ஆனால் சாலையில் கொட்டிய எண்ணெய் யாருடைய கஷ்டம்? அடுத்து வருவது ஒரு ஸ்கூட்டராக இருக்கலாம். ஓட்டுவது அப்பா, பின்னால் அம்மா, நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளை. அவர்கள் வழுக்கி விழுந்தால், இரண்டு அங்குல அழகுக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையையும் மறக்கக்கூடாது. தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது சென்னைவாசிகளுக்குத் தெரியாதது அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதையும், 2023 டிசம்பரில் புயல் மழை நகரை மூழ்கடித்ததையும் யாரும் மறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் எந்தக் காரும் போகக்கூடாது. கணுக்கால் தண்ணீரிலும் போக முடியாத காராக ஒரு காரை ஆக்கிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதே 'மாற்றம்' என்று அந்தப் பிரிவு விளக்குகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவை உறுதியாக எடுத்துச் சொன்னது. அதே வருஷம் செய்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே அளவில் புது ஸ்பிரிங் போடுவது பழுது பார்ப்பது. சட்டகத்தை வெட்டி ஒட்டுவது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. அவற்றின் எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். சட்டகம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது. பாட்டனார் காலத்து வண்டியைப் பாட்டனார் காலத்து வண்டியாகவே வைத்திருப்பவருக்குத்தான் அந்த மரியாதை.

செய்ய வேண்டியது

பழைய காரின் மேல் ஆசை வைப்பது தவறு அல்ல. வண்டலூர்த் தொழிற்சாலையில் 1980-களின் கடைசியில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஹெரால்டு இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுகிறவர்கள் ஊரின் சரித்திரத்தையே காப்பாற்றுகிறார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் நகரச் சாலையில் ஓடும் வண்டி, அதைச் செய்தவர்கள் வைத்த உயரத்திலேயே ஓடட்டும். பழைய வண்டி ஆடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல. ஷாக் அப்சார்பர் ஒழுகுகிறதா? ரப்பர் புஷ் நைந்துவிட்டதா? டயர் பழசாகி இறுகிவிட்டதா? பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். அவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்தால், வெட்டாமலே வண்டி நிதானத்துக்கு வந்துவிடும்.

பந்தயத் தடத்தில் ஓட்ட விரும்புகிறவர்கள், அதற்கென்று செய்த ஸ்பிரிங்கையும், அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே போட வேண்டும். பிரேக் குழாய் இழுபடுகிறதா, டயர் எங்கேயாவது உரசுகிறதா, முன்விளக்கின் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டம் தடத்தோடு நிற்க வேண்டும்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "வெட்டித் தருகிறேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். "வேண்டாம் சார், இது உங்கள் குழந்தைகள் ஏறுகிற வண்டி" என்று சொல்ல மனம் வேண்டும். அப்படிச் சொல்கிறவருக்கு ஒரு நாள் கூலி போகலாம். ஆனால் அவரைத் தேடி வாடிக்கைக்காரர் திரும்பத் திரும்ப வருவார்.

சாலை போடுகிற அதிகாரிகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். வேகத்தடை விதிப்படி இருக்கட்டும். அதற்குக் கறுப்பும் வெள்ளையும் தீட்டியிருக்கட்டும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்கட்டும். வரப்பைப் போன்ற தடைகள், தாழ்த்தாத காரில் போகும் கர்ப்பிணியையும் முதுகு வலிக்காரரையும்கூட வதைக்கின்றன.

மாட வீதியில் பழைய காரைச் சுற்றி நிற்கும் கூட்டம், அது தரைக்கு எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று அளந்து பார்ப்பதில்லை. இத்தனை வருஷமாகியும் ஓடுகிறதே என்றுதான் வியக்கிறது. அந்த வியப்பு அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு வண்டியும் முழுசாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும்.